கோப்புகள் பிழைத்தன, பெயர்கள் போயின: ஒரு எக்ஸ்ட்4 வட்டை மீட்டதன் முழு விவரம்

வட்டு என் கைக்கு வந்தபோது அதில் 3,204 கோப்புகள் பெயரில்லாமல் கிடந்தன. எல்லாம், உரிய ஃபோல்டர் தெரியாத கோப்புகளைப் பழுதுநீக்கி கொண்டுபோய்ப் போடும் லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் ஃபோல்டருக்குள், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எண் மட்டும். எதையாவது திறந்தால் ஒலிக்கிறது, பறவை கூவுகிறது, எந்தக் குறையும் இல்லை. ஆனால் எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூவியது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

தோழி ஒருத்தியின் ஆய்வுப் பதிவுகள் அவை. 24 இடங்களில் தானியங்கி ரெக்கார்டர்களை வைத்து வருடக்கணக்காகப் பறவைக் குரல்களைச் சேகரிக்கிறாள். ஒவ்வொரு பதிவும் 10 நிமிடம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. வினாடிக்கு 2,88,000 பைட் என்று கணக்கு வைத்தால் ஒரு கோப்பு ஏறக்குறைய 173 எம்பி வரும். மொத்தம் 7,180 பதிவுகள், 1.24 டிபி, ஒரே ஒரு 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கில், லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் (கோப்புகளையும் பெயர்களையும் வட்டில் அடுக்கி வைக்கும் ஏற்பாடு). வேறு பிரதி கிடையாது. கோப்பின் பெயரில் முதலில் இட எண், அப்புறம் தேதி, அப்புறம் நேரம். அவளுடைய ஆய்வு முழுக்க அந்தப் பெயரின் மேல்தான் நிற்கிறது, அதனால் பெயர் போனால் ஒலி இருந்தும் பயனில்லை.

இதை விரிவாக எழுதக் காரணம், கோப்பு மீட்பு என்றாலே எல்லோரும் உள்ளடக்கத்தை மீட்பதைப் பற்றியே பேசுகிறார்கள். உள்ளடக்கம் அவ்வளவு சுலபத்தில் சாவதில்லை. பெயரும் எது எதற்குள் இருந்தது என்ற உறவும்தான் முதலில் சாகின்றன, அதுவும் பல நேரம் நம் கையாலேயே.

என்ன நடந்தது

புதுப் பதிவுகளை மெமரி கார்டிலிருந்து வட்டுக்குக் காப்பி செய்திருக்கிறாள். காப்பி ஓடும் சிறு ஜன்னல் மூடியதும் முடிந்துவிட்டது என்று நினைத்து, அன்மவுண்ட் செய்யாமல் (வட்டை முறைப்படி விடுவிக்காமல்) கேபிளைக் கழற்றிவிட்டாள். லினக்ஸில் அந்த ஜன்னல் மூடுவதற்கு அர்த்தம் தரவு நினைவகத்துக்குப் போய்விட்டது என்பது மட்டும்தான், வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதல்ல. மறுநாள் செருகியபோது வட்டு மவுண்ட் ஆனது. ஆனால் 24 ஃபோல்டர்களில் 11-க்கு அளவு, தேதி, உரிமையாளர் எல்லா இடத்திலும் கேள்விக்குறிகள். உள்ளே போனால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை.

கூட வேலை செய்யும் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், கோப்பு முறைமையைச் சோதித்துப் பழுதுநீக்கும் எஃப்எஸ்செக் நிரலை எல்லாக் கேள்விக்கும் "ஆமாம்" சொல்லும் ஒய் விருப்பத்தோடு ஓட்டினார். முதல் தடவை நடுவில் நின்றுபோனது. கேபிளைக் கழற்றிச் செருகி மறுபடியும் ஓட்டியதில் முடிந்தது. கேள்விக்குறிகள் மறைந்தன, கூடவே அந்த 11 ஃபோல்டர்களும் மறைந்தன.

அன்று இரவு தொலைபேசியில் அவள் சொன்ன முதல் வாக்கியம், "இப்ப எர்ரரே வரலை, ஆனா பாதி ஃபோல்டர் இல்லை" என்பது. எஃப்எஸ்செக் என்ன செய்யும் என்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. கோப்பு முறைமையின் கணக்கு நேராக இருக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. ஒரு ஃபோல்டரின் விவரம் படிக்க முடியாமல் கெட்டிருந்தால் அதை நீக்கிவிட்டு மிச்சத்தை ஒழுங்குபடுத்துவது அதன் பார்வையில் சரியான தீர்வு. நம்முடைய தரவு நமக்குக் கிடைக்க வேண்டும் என்பது வேறு ஆசை. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றாகவே போகும், வட்டே பழுதாகும் நாளில் பிரிந்துவிடும்.

முதலில் இமேஜ்

வட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினேன். (சில வெளிப்பெட்டிகள் செக்டரின், அதாவது வட்டு படித்து எழுதும் சிறு துண்டின், அளவை 512-க்குப் பதிலாக 4096 என்று காட்டும். அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து கழற்றினால் பார்ட்டிஷன் அட்டவணையே தப்பாகத் தெரியும், பார்ட்டிஷனே காணோம் என்று பதறத் தேவையில்லை. இந்தப் பெட்டி அப்படியில்லை.) எதையும் மவுண்ட் செய்யாமல் ஸ்மார்ட் விவரத்தை (வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) மட்டும் பார்த்தேன். 5-ஆம் பண்பு, அதாவது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை, பூஜ்யமாக இல்லை. 197-ஆம் பண்பு, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதுவும் பூஜ்யமில்லை. சரி, கேபிளைக் கழற்றியது மட்டும் பிரச்சினை இல்லை, தட்டின் பரப்பே பழுதாகிக்கொண்டிருக்கிறது.

டிடிரெஸ்க்யூ என்ற நிரலின் மூலம் இமேஜ், அதாவது முழு வட்டின் பைட்டுக்குப் பைட் நகல், எடுத்தேன். அது முதல் சுற்றில் கஷ்டமான இடங்களைத் தாண்டிக் குதித்து நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும், எங்கே விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கும், அப்புறம்தான் விட்ட இடங்களைச் சுரண்டும். அந்த வரைபடக் கோப்பைக் கொடுக்காமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து, சாகப்போகும் வட்டுக்கு இன்னொரு முழு ஓட்டம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல் சுற்று 9 மணி நேரம் ஆனது, மறுமுயற்சிகளுக்கு மேலும் இரண்டு நாள். கடைசியில் படிக்கவே முடியாமல் நின்றது 53 பிளாக், ஒவ்வொன்றும் 4096 பைட், மொத்தம் 212 கேபி. 2 டிபியில் 212 கேபி என்றதும் மனம் லேசாகிவிட்டது. அது தப்பான நிம்மதி என்று பிறகுதான் தெரிந்தது.

இமேஜ் கோப்பை எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, அதன் மேல் க்யூகவ்2 வடிவத்தில் ஒரு மேலடுக்கு போட்டேன். படிப்பது எல்லாம் அடியில் இருக்கும் இமேஜிலிருந்து வரும், எழுதுவது எல்லாம் மேலடுக்கில் மட்டும் விழும். ஏதாவது சொதப்பினால் மேலடுக்கை அழித்துவிட்டு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், பத்து நொடி வேலை. இது இல்லாமல் மீட்பு வேலையில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் முதல் யோசனையே சரியாக அமைவது அபூர்வம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எக்ஸ்ட்4-ஐ ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் ஜர்னலில் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பகுதி) நிலுவை இருந்தால் கர்னல், அதாவது லினக்ஸின் மையம், அதை வட்டில் எழுதிவிடும். நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்த்தால்தான் எழுதாமல் இருக்கும். ரீட்-ஒன்லி என்ற சொல்லை நம்பி அசல் வட்டை மவுண்ட் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படிக்க முடிந்த பூஜ்யங்கள்

இந்த வழக்கின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்ட்4-இல் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஒரு இனோட் உண்டு. பொதுவாக 256 பைட். கோப்பின் அளவு, நேரம், அதன் தரவு வட்டில் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. பெயர் இருப்பது ஃபோல்டரின் தரவுப் பிளாக்கில், "இந்தப் பெயருக்கு இந்த இனோட் எண்" என்ற ஜோடியாக. ஒரு 4096 பைட் பிளாக்கில் 16 இனோட்கள் அடங்கும். இனோட் அட்டவணைகளோ ஃப்ளெக்ஸ் பிஜி என்ற ஏற்பாட்டின்படி 16 பிளாக் குழுக்களுக்குச் (வட்டு பிரிக்கப்பட்டிருக்கும் பெரும் பகுதிகள்) சேர்த்து ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருக்கும், இந்த வட்டில் அது 32 எம்பி நீளமான ஒரு துண்டு. தட்டில் கீறல் அந்தத் துண்டில் விழுந்தால் சில கேபி சேதத்துக்கே ஆயிரக்கணக்கான கோப்புகள் முகவரி இழக்கும்.

ஆனால் என் இமேஜில் அந்தத் துண்டு முழுவதும் சுத்தமாகப் படிக்கப்பட்டிருந்தது. டிடிரெஸ்க்யூ ஒரு பிழையும் சொல்லவில்லை. படிக்க முடியாத 53 பிளாக்குகளும் வேறு இடத்தில். அப்படியானால் 11 ஃபோல்டர்களின் இனோட்கள் எங்கே போயின?

விடை அவள் கைபேசியில் இருந்தது. எஃப்எஸ்செக் ஓடும்போது திரையைப் படம் எடுத்து வைத்திருந்தாள், அதற்காக அவளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அதில் ஒரே மாதிரி வரிகள் வரிசையாக: இந்த எண்ணுள்ள பிளாக்கைப் படிக்க முடியவில்லை. பிழையைப் பொருட்படுத்தாமல் போகட்டுமா? ஆமாம். வலிந்து திருப்பி எழுதட்டுமா? ஆமாம்.

அந்த இரண்டாவது "ஆமாம்" என்ன செய்கிறது என்று பாருங்கள். பிளாக்கைப் படிக்க முடியாதபோது நிரலின் நினைவகத்தில் இருப்பது வந்து சேராத பைட்களுக்குப் பதிலான பூஜ்யங்கள். வலிந்து எழுதச் சொன்னால் அந்தப் பூஜ்யங்களை அதே இடத்தில் வட்டில் எழுதிவிடும். வட்டும் நிலுவையில் இருந்த செக்டரில் புதிதாக எழுதக் கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் மாற்று செக்டரை ஒதுக்கிக்கொள்ளும். அந்த இடம் இனி எந்தத் தடையும் இல்லாமல் படிக்கும். படித்தால் வருவது பூஜ்யம்.

படிக்க முடியாத செக்டர் என்பது நிரந்தர இழப்பு இல்லை. ஐந்தாவது தடவையிலோ இருபதாவது தடவையிலோ படிக்கக் கிடைப்பதுண்டு. என் மறுமுயற்சிகளிலேயே வேறு இடங்களில் பல செக்டர்கள் அப்படித் தேறின. இந்த பிளாக்குகளுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது. மீட்பில் படிக்க முடியாத இடத்தைப் பார்த்தாவது எச்சரிக்கையாக இருப்போம். நல்லபடியாகப் படிக்கும் பூஜ்யம் எந்தச் சத்தமும் போடாது.

படத்தில் 7 பிளாக் எண்கள் தெரிந்தன. அட்டவணை முழுவதையும் நானே தேடியபோது 9 கிடைத்தன, இரண்டு திரையில் மேலே நகர்ந்து போயிருக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: இனோட் அட்டவணையில் பூஜ்ய பிளாக் இருப்பதே தப்பில்லை, பயன்படுத்தாத வால்பகுதி பூஜ்யமாகத்தான் இருக்கும். முன்னும் பின்னும் உயிருள்ள இனோட்கள் இருக்க நடுவில் ஒரு பிளாக் மட்டும் வெறுமையாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். 9 பிளாக் என்றால் 144 இனோட்கள். அவற்றில் 11 ஃபோல்டர்கள், 118 ஒலிப்பதிவுகள், மற்ற 15 சிறு கோப்புகளும் காலி இடங்களும்.

ஆக, 36 கேபி. 11 ஃபோல்டர்களின் இனோட் போனதும் உள்ளே இருந்த கோப்புகள் அனாதையாகி லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டுக்குள் இனோட் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு வந்து விழுந்தன.

கேபிளைக் கழற்றியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி விபத்துக்காகத்தான் ஜர்னல் இருக்கிறது. முதல் மவுண்டிலேயே அது நிலுவையை எழுதிக் கணக்கை நேராக்கிவிட்டது. கேபிளால் போனது 4 கோப்புகள் மட்டும். பெயர் இருக்கிறது, அளவு 0. தரவு நினைவகத்தில் காத்திருந்த நேரத்தில் கேபிள் போய்விட்டது.

பெயர்களைத் தேடி

ஃபோல்டரின் இனோட் பூஜ்யமானாலும் அதன் பெயர்ப் பட்டியல் இருந்த தரவுப் பிளாக்குகள் வட்டில் வேறெங்கோ அப்படியே இருக்கும். யாரும் அவற்றை அழிக்கவில்லை, அவை காலி என்று குறித்து மட்டும் வைத்தார்கள். அவை எங்கே என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்படியானால் ஆளில்லாமல் தேட வேண்டும்.

சிறிய ஃபோல்டராக இருந்தால் சுலபம். அதன் முதல் பிளாக்கின் தொடக்கத்தில் தன்னைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் தாய் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் குறிப்பிட்ட வடிவத்தில் இருக்கும், அதை வைத்தே பிடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் சுமார் 300 கோப்புகள் இருந்தால் பட்டியல் ஒரு பிளாக்கில் அடங்காது. எக்ஸ்ட்4 அப்போது ஒரு மரம் கட்டும். முதல் பிளாக்கில் புள்ளிகளும் வழிகாட்டி எண்களும் மட்டும் இருக்கும், பெயர்கள் எல்லாம் இலைப் பிளாக்குகளில். இலைகளில் புள்ளி இருக்காது. வழிகாட்டி எண்களும் ஃபோல்டருக்குள் எத்தனையாவது பிளாக் என்றுதான் சொல்லும், வட்டில் எங்கே என்று சொல்லாது.

காப்பாற்றியது செக்சம், அதாவது தரவு கெடவில்லை என்று சரிபார்க்க உதவும் எண். எக்ஸ்ட்4-க்கான கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸின் 2016-இல் வந்த 1.43 பதிப்பு முதல் புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4-இல் மெட்டாடேட்டாவுக்கு (இனோட், பெயர்ப் பட்டியல் போன்ற கணக்குகளுக்கு) செக்சம் இயல்பாகவே சேர்க்கப்படுகிறது. அது இருந்தால் ஒவ்வொரு இலைப் பிளாக்கின் கடைசி 12 பைட்டிலும் ஒரு போலிப் பதிவு இருக்கும்: இனோட் எண் 0, நீளம் 12, பெயர் நீளம் 0, வகை என்ற இடத்தில் 222 என்ற எண், அப்புறம் செக்சம். உண்மையான எந்தப் பெயர்ப் பதிவுக்கும் வகை 222 வராது. 4096 பைட்டுக்கு ஒரு தடவை 4084-ஆவது இடத்தில் இந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். முப்பது வரி பைதான் போதும். நேரம்தான் எடுக்கும், ஏனென்றால் 2 டிபி முழுவதையும் படிக்க வேண்டும்.

மொத்தம் 412 பிளாக்குகள் கிடைத்தன. உயிரோடு இருக்கும் ஃபோல்டர்களுக்குச் சொந்தமானவற்றைக் கழித்ததும், மீதிப் பிளாக்குகளைத் திறந்து பார்த்தபோது தேதியும் நேரமும் இட எண்ணும் வரிசை வரிசையாக வந்தன. அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன். லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டில் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் எண்ணும் அதன் இனோட் எண்தான், இலைப் பிளாக்கில் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதும் அதே இனோட் எண்தான். இரண்டையும் பொருத்தினால் போதும். 3,204-இல் 3,118 கோப்புகளுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

மீதி 86? எஃப்எஸ்செக் ஆயிரக்கணக்கான கோப்புகளை லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டில் போட அந்த ஃபோல்டரைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, அதற்குப் புதுப் பிளாக்குகள் வேண்டியிருந்தன. காலி என்று அப்போதுதான் குறிக்கப்பட்ட இடத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டது. அது இந்த 86 பெயர்கள் இருந்த இலை. பழைய பெயர்களின் மேலேயே புது எண்கள் எழுதப்பட்டுவிட்டன. அசல் வட்டில் பழுதுநீக்கியை ஓட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

நான் செய்த தவறு

86 கோப்புகளுக்கு இன்னொரு வழி இருந்தது. அவளுடைய ரெக்கார்டர்கள் எழுதுவது பிராட்காஸ்ட் வேவ் வகை. சாதாரண வேவ் கோப்பின் தலைப்பகுதியில் கூடுதலாக ஒரு துண்டு இருக்கும், அதில் பதிவான தேதிக்கு 10 எழுத்து, நேரத்துக்கு 8 எழுத்து, கருவியின் அடையாளத்துக்கு 32 எழுத்து என்று இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். தேதியும் நேரமும் கோப்புக்குள்ளேயே இருந்தன. கருவியின் தொடர் எண்ணும் இருந்தது. எந்தக் கருவி எந்த நாளில் எந்த இடத்தில் இருந்தது என்பது அவள் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்தில் இருந்தது. 86-க்கும் பெயர் வைத்தாயிற்று.

இது இவ்வளவு நன்றாக வேலை செய்ததும் இதையே உரைகல்லாக வைத்துக்கொண்டேன். இலைப் பிளாக்குகளிலிருந்து வந்த பட்டியலில் 58 கோப்புகளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன, இரண்டுக்கும் சரியாக ஒரு மணி நேர வித்தியாசம். கோப்புக்குள் இருக்கும் நேரத்தோடு எது ஒத்துப்போகிறதோ அதுவே சரியான பெயர் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் மாற்றி அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அழைத்தாள். "அந்த ஒரு வாரம் ரெக்கார்டர் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி ஓடிச்சு. நான்தானே உட்கார்ந்து பேரை எல்லாம் மாத்தினேன்" என்றாள். கோப்புக்குள் இருந்தது கருவி நம்பிய நேரம். பெயரில் இருந்தது அவள் கண்டுபிடித்துத் திருத்திய நேரம். நான் அவளுடைய திருத்தத்தை அழித்துவிட்டுக் கருவியின் பிழையைத் திரும்ப வைத்திருந்தேன். இரண்டு மூன்று நாள் இது மனதை விட்டுப் போகவில்லை. பெயர் என்பது கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கோப்புக்குள் எங்கேயும் இல்லாத ஒரு மனித முடிவு அந்தப் பெயரில் மட்டும் இருந்தது.

தொழில்நுட்பப்படியும் சரியான விடை கண்முன்னே இருந்திருக்கிறது. எக்ஸ்ட்4 ஜர்னலில் ஃபோல்டர் பிளாக்குகளின் முழு நகல்கள் எழுதப்படுகின்றன, என் தேடல் ஜர்னல் இருக்கும் பகுதியையும் சேர்த்துப் படித்ததால் அந்தப் பழைய நகல்களும் பட்டியலில் கலந்துவிட்டன. ஜர்னலுக்கு உள்ளே இருக்கும் நகல் பழையது, வெளியே தன் சொந்த இடத்தில் இருக்கும் பிளாக்தான் கடைசி நிலை. பிளாக் எண் ஜர்னலின் எல்லைக்குள் வருகிறதா என்று ஒரு வரி சேர்த்ததும் 58-க்கும் அவள் வைத்த பெயரே வந்தது.

118 பதிவுகள்

பெயர் இருந்தும் இனோட் போனவை இவை. பூஜ்யமான 9 பிளாக்குகளில் நேரடியாக அகப்பட்டவை. எந்தத் தரவு எங்கே என்ற முகவரியே இல்லை.

இங்கேயும் ஜர்னல் உதவியது. இதன் அளவு 1 ஜிபி, மெட்டாடேட்டா அதிகம் எழுதாத வட்டில் நீண்ட காலச் சரித்திரம் அதில் தங்கியிருக்கும். வேலை முடிந்த பரிவர்த்தனைகளை யாரும் துடைப்பதில்லை, சுற்றி வந்து மேலே எழுதும் வரை கிடக்கும். டீபக்எஃப்எஸ் நிரலின் லாக்டம்ப் கட்டளையால் இந்த 9 பிளாக் எண்களுக்கும் பழைய நகல் இருக்கிறதா என்று தேடினேன். 3 பிளாக்குகளுக்கு இருந்தது. 48 இனோட்கள்: 41 பதிவுகள், 3 ஃபோல்டர்கள், 4 மற்றவை. அவற்றை மேலடுக்கில் அந்தந்த இடத்தில் எழுதினேன். ஒவ்வொரு இனோட்டிலும் உள்ள செக்சம் சரியாகப் பொருந்தியதால் நகல் நம்பத்தக்கது என்று உறுதியானது.

திரும்பி வந்த 3 ஃபோல்டர்களும் எனக்குப் பெரிய பரிசு, ஏனென்றால் அவற்றின் பெயர்ப் பட்டியல் இப்போது முறையான வழியிலேயே கிடைக்கிறது. இலைப் பிளாக்குகளைத் தேடிப் பொருத்திய என் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒரு பெயர்கூட மாறவில்லை. மற்ற 8 ஃபோல்டர்களிலும் அந்த முறையை நம்பலாம் என்ற தைரியம் அங்கேதான் வந்தது.

மீதி 77 பதிவுகளுக்குத் தரவை நேரடியாகத் தோண்ட வேண்டும். உயிருள்ள கோப்புகள் எல்லாம் பிடித்திருக்கும் பிளாக்குகளை ஒரு வரைபடமாக்கி, அதைக் கழித்துவிட்டு, மீதி இடத்தில் 4096 பைட் எல்லையில் வேவ் கோப்பின் தலைப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். இப்படித் தோண்டி எடுக்கும் ஃபோட்டோரெக் என்ற நிரலைத்தான் முதலில் ஓட்டினேன். நன்றாகவே எடுத்தது, ஆனால் சில கோப்புகளில் நடுவில் கரகரவென்ற சத்தம், அதற்கு அப்புறம் எல்லாம் சரி.

காரணம் இதுதான். 4096 பைட் பிளாக்கில் ஒரு பிளாக் குழு 128 எம்பி. 173 எம்பி கோப்பு எப்படியும் ஒரு எல்லையைத் தாண்டும். 1, மற்றும் 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளாக வரும் எண்ணுள்ள குழுக்களின் தொடக்கத்தில் சூப்பர்பிளாக்கின் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் உள்ள பிளாக்) மாற்று நகலும் குழு விவரங்களும் உட்கார்ந்திருக்கும். முதல் நகல் 32768-ஆவது பிளாக்கில் இருப்பது பலருக்குத் தெரியும். எக்ஸ்ட்4 அந்த இடத்தைத் தாண்டித் தரவைத் தொடர்ந்து எழுதுகிறது. தோண்டும் நிரல் அதை அறியாமல் நடுவில் இருக்கும் சூப்பர்பிளாக்கையும் ஒலி என்று சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கரகரப்பு கோப்பு முறைமையின் சொந்தக் கணக்கேடு ஒலியாகக் கேட்டதுதான். அந்தக் குழுக்களின் முகவரிகளைக் கணக்கிட்டு அவற்றைத் தாண்டும்படி என் நிரலை எழுதினேன், சத்தம் போனது.

வேவ் தலைப்பில் கோப்பின் மொத்த நீளம் இருக்கும், அதனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. உள்ளே இருந்த தேதியையும் நேரத்தையும் ஆளில்லாமல் கிடந்த 77 பெயர்களோடு பொருத்தினேன், இந்தத் தடவை கடிகாரம் கெட்ட அந்த வாரத்தை அவளிடம் கேட்டுக்கொண்டு. மற்ற 13 ஃபோல்டர்களில் இருந்த பெயர்களுக்கும் வழி இருந்தது: இனோட் இல்லாத பதிவை எஃப்எஸ்செக் நீக்கும்போது இனோட் எண்ணை மட்டும் 0 ஆக்குகிறது, பெயரின் எழுத்துகள் பிளாக்கிலேயே கிடக்கின்றன. 70 பதிவுகள் முழுமையாக வந்தன. 7 பதிவுகள் வட்டில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தவை, அவற்றைக் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. ஒலி அலையின் ஸ்பெக்ட்ரோகிராமை (ஒலியைப் படமாகக் காட்டும் வரைபடம்)ப் பார்த்துக்கொண்டே, பின்னணியில் தொடரும் பூச்சிச் சத்தத்தின் கோடு எந்தத் துண்டோடு இணைகிறது என்று அவள் சொன்னாள், நான் இணைத்தேன். ஒட்டிய இடம் எது என்பதை அந்த 7 கோப்புகளின் பக்கத்திலேயே ஒரு உரைக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம், பிறகு யாரும் அதை ஒரு பறவையின் குரல் என்று நினைத்துவிடக் கூடாது.

சரிபார்ப்பு

பழைய கோப்பு முறைமையை நான் எந்த நேரத்திலும் சரிசெய்யவில்லை. மேலடுக்கை ரீட்-ஒன்லியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையும் அதன் பெயரோடு புது வட்டுக்கு எடுத்து வைத்தேன். பழைய கட்டடத்தில் மறுபடி குடியேற வேண்டிய அவசியம் இல்லை, சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

அப்புறம் எல்லாவற்றையும் சோதித்தோம். தலைப்பில் சொல்லும் நீளமும் உண்மையான அளவும் ஒன்றா, நடுவில் 4096 பைட் பூஜ்யங்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று நிரல் பார்த்தது. காட்டில் முழு நிசப்தம் என்று ஒன்று இல்லை, எனவே ஒலிப்பதிவில் சுத்தமான பூஜ்யம் வந்தால் அது சேதம்தான். படிக்க முடியாத 53 பிளாக்குகளில் பெரும்பாலானவை காலி இடத்தில் இருந்தன. இரண்டு பதிவுகளில் மட்டும் சில பிளாக்குகள் விழுந்திருந்தன. ஒரு பிளாக் என்பது 14 மில்லி வினாடி ஒலி, காதுக்கு ஒரு சிறு தட்டு மாதிரி கேட்கும். அந்த இரண்டையும் குறித்து வைத்தோம்.

7,180-இல் 7,176 பதிவுகள் சரியான பெயரோடு, சரியான ஃபோல்டரில் இருக்கின்றன. இப்போது மூன்று வட்டுகளில், மூன்று வெவ்வேறு இடங்களில். கூடவே எல்லாப் பெயர்களும் செக்சமும் அடங்கிய ஒரு உரைக் கோப்பு, அது வெறும் சில நூறு கேபிதான், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி கிடக்கிறது. அந்த உரைக் கோப்பு முன்பே இருந்திருந்தால் இந்த வேலையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

0 பைட் ஆன அந்த 4 பதிவுகளைத் தேடி மெமரி கார்டுக்குப் போனோம். அது ஏற்கனவே ரெக்கார்டருக்குள் திரும்பிப் போய், ஃபார்மேட் ஆகி, அடுத்த சுற்றுப் பதிவுகளால் நிரம்பியிருந்தது. நான்கும் அடுத்தடுத்த பதிவுகள், அதிகாலை 5.30 முதல் 6.10 வரை. அவள் பட்டியலில் அந்த நான்கு பெயர்களையும் அப்படியே வைத்திருக்கிறாள், எதிரே "ஒலி இல்லை" என்று எழுதி.